குறட்டைக்கும் ஸ்லீப் ஆப்னியாவுக்கும் வாய்க்கருவி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பல் மருத்துவர். குறட்டைக்கும் ஸ்லீப் ஆப்னியாவுக்கும் (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்) வாயில் மாட்டிக்கொள்ளும் கருவி செய்து கொடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒருவர் கேட்பதையே அடுத்தவரும் கேட்கிறார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய அதேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். உங்கள் வாயைப் பார்க்காமல் சொல்லும் எந்தப் பதிலும் பொதுப் பதில்தான், அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வாயில ஒரு கிளிப் மாட்டினா குறட்டை எப்படி டாக்டர் நிக்கும்?

தூங்கும்போது உடம்பின் மற்ற தசைகளைப் போலத் தொண்டைத் தசைகளும் தளர்ந்துவிடும். மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரியும், மூச்சுப் போகும் வழி குறுகும். குறுகிய வழியில் காற்று வேகமாகப் போகும்போது மேலண்ணத்தின் மென்பகுதியும் உள்நாக்கும் படபடவென்று அதிரும். அந்தச் சத்தம்தான் குறட்டை.

கருவியில் இரண்டு தட்டுகள் இருக்கும். ஒன்று மேல்பல் வரிசையில் உட்காரும், மற்றது கீழ்ப்பல் வரிசையில். இரண்டையும் இணைக்கும் பாகம் கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் நகர்த்திப் பிடித்துக்கொள்ளும். நாக்கின் முக்கியமான தசை கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில்தான் ஒட்டியிருக்கிறது. அதனால் தாடை முன்னே வந்தால் நாக்கும் கூடவே வரும். தொண்டையின் பக்கச்சுவர்களும் இழுபட்டு, வழி பக்கவாட்டில் அகலமாகும். பலர் நாக்கை மட்டுமே நினைக்கிறார்கள், ஆனால் இந்தப் பக்கவாட்டு அகலம்தான் பெரிய லாபம்.

இப்போதே சோதித்துப் பாருங்கள். வேண்டுமென்றே ஒரு குறட்டைச் சத்தம் எழுப்புங்கள். அப்புறம் கீழ்ப்பல் மேல்பல்லைத் தாண்டி வரும்படி தாடையை நீட்டிக்கொண்டு அதே சத்தத்தை எழுப்ப முயலுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சத்தம் வராது, வந்தாலும் சிரமப்பட்டுத்தான் வரும்.

குறட்டையும் ஸ்லீப் ஆப்னியாவும் ஒண்ணுதானே?

இல்லை. குறட்டையில் வழி குறுகியிருக்கும், காற்று போய்க்கொண்டிருக்கும். ஆப்னியாவில் வழி அடைபட்டு, மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றுபோகும். நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்க முயன்றுகொண்டே இருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை திடுக்கிட்டு ஒரு நொடி விழிக்க, தசை இறுகி வழி திறக்கும். பெரிய உறுமலோடு மூச்சு திரும்பி வரும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. காலையில் இதில் எதுவும் நினைவில் இருக்காது.

பக்கத்தில் படுப்பவர் சொல்வதைக் கவனியுங்கள். "சத்தமாக் குறட்டை விடுவார், திடீர்னு சத்தமே இருக்காது, எனக்குப் பயமா இருக்கும், அப்புறம் ஒரு உலுக்கு உலுக்கி மூச்சு விடுவார்" என்று யாராவது சொன்னால், நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்பேன். நடுவில் வரும் அந்த அமைதிதான் ஆபத்தான இடம்.

எனக்கு வெறும் குறட்டைதான். நேரா கருவி செஞ்சு குடுங்களேன், டெஸ்ட் எதுக்கு?

வெறும் குறட்டை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தூங்கிக்கொண்டிருந்தவர் நீங்கள். கேட்டு முடிவுசெய்ய எனக்கும் வழியில்லை. டெஸ்ட் இல்லாமல் கருவி கொடுத்தால் சத்தம் குறையலாம், ஆனால் உள்ளே ஆப்னியா இருந்தால் அது சத்தமில்லாமல் தொடரலாம். அதுவரை எச்சரிக்கை மணியாக இருந்தது அந்தக் குறட்டைதான். அதை நிறுத்திவிட்டு நோயை விட்டுவைப்பதை நான் செய்யமாட்டேன்.

நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது தூக்க மருத்துவரின் வேலை. வீட்டிலேயே செய்யும் டெஸ்டில் விரலில் ஆக்சிஜன் கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சில் ஒரு பெல்ட் போன்றவை இருக்கும். ஆய்வகத்தில் செய்தால் மூளை அலை, இதயத்துடிப்பு, கால் அசைவு எல்லாம் சேர்த்துப் பதிவாகும். வீட்டு டெஸ்ட் பல நேரங்களில் நீங்கள் தூங்கிய நேரத்தை அளக்காது, பதிவு செய்யும் மெஷின் ஓடிய நேரத்தை வைத்துக் கணக்குப் போடும். அதனால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டிவிடலாம். அறிகுறிகள் பலமாக இருந்தும் வீட்டு டெஸ்ட் "ஒன்றுமில்லை" என்று சொன்னால், ஆய்வக டெஸ்ட் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்காரர் டெஸ்டுக்கு வரவே மாட்டேங்கிறார். என்ன பண்றது?

அவர் தூங்கும்போது செல்போனில் பதிவு செய்யுங்கள். சத்தம் மட்டும் போதாது, நெஞ்சு தெரியும்படி வீடியோவாக எடுங்கள். மூச்சு நிற்கும் அந்தப் பத்து இருபது விநாடியை அவரே பார்த்தால் போதும். இவ்வளவு வருடமாக நான் பார்த்ததில், எந்த அறிவுரையும் அந்த வீடியோ அளவுக்கு வேலை செய்ததில்லை.

ரிப்போர்ட்ல ஏ.எச்.ஐ. 22னு போட்டிருக்கு. அது ரொம்ப அதிகமா?

ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை முறை நின்றது அல்லது பெரிய அளவில் குறைந்தது என்பதே ஏ.எச்.ஐ. பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் தீவிரம். உங்களுடையது நடுத்தரம். ஏழு மணி நேரம் தூங்கினால் 154 தடவை.

அந்த ஒரு எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். ஆக்சிஜன் எவ்வளவு கீழே இறங்கியது, 90 சதவீதத்துக்குக் கீழே எத்தனை நிமிடம் இருந்தது, மல்லாந்து படுத்தபோது எண் என்ன, பக்கவாட்டில் படுத்தபோது என்ன என்று பாருங்கள். இரண்டு பேருக்கும் 22தான் என்றாலும், ஒருவருக்கு ஆக்சிஜன் 88 வரை இறங்கியும் மற்றவருக்கு 74 வரை இறங்கியும் இருந்தால் இருவரையும் நான் ஒரே மாதிரி நடத்தமாட்டேன். இன்னொன்று: அடைப்பு வகையா, மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளையே வராத வகையா என்பதும் அதில் இருக்கும். இரண்டாவது வகைக்கு வாய்க்கருவி உதவாது.

சிபாப் மெஷின்தான் பெஸ்ட்னு எல்லாரும் சொல்றாங்களே. அப்போ இது எதுக்கு?

சரியாகத்தான் சொல்கிறார்கள். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவனும் அவரது குழுவும் சிபாப் பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டார்கள். மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வழியைத் திறந்து வைக்கும் அந்த முறைக்கு இன்றுவரை ஏ.எச்.ஐ.யைக் குறைப்பதில் நிகர் இல்லை. ஆனால் மாட்டிக்கொண்டால்தான் பலன். முகக்கவசம் பொறுக்காமல் நடு இரவில் கழற்றி வைத்துவிடுபவர்கள் ஏராளம்.

2013இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒரே நோயாளிகளே ஒரு மாதம் சிபாப், ஒரு மாதம் வாய்க்கருவி என்று இரண்டையும் பயன்படுத்தினார்கள். சராசரி ஏ.எச்.ஐ. சிபாபில் 5க்குக் கீழே வந்தது, வாய்க்கருவியில் 11 அளவில் நின்றது. ஆனால் சிபாபை இரவுக்கு 5 மணி நேரத்துக்குச் சற்று மேல் மாட்டியவர்கள், வாய்க்கருவியை 6 மணி நேரத்துக்கு மேல் மாட்டியிருந்தார்கள். கடைசியில் ரத்த அழுத்தம், பகல் தூக்கம் போன்றவற்றில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால் என் பதில் இதுதான். தீவிரமான ஆப்னியா, ஆக்சிஜன் மிகவும் இறங்குகிறது, அல்லது வண்டி ஓட்டும்போதே கண் சொருகுகிறது என்றால் முதலில் சிபாப். லேசானது அல்லது நடுத்தரம் என்றாலோ, சிபாபை மனசார முயன்றும் முடியவில்லை என்றாலோ, வாய்க்கருவி நல்ல வழி. ஆப்னியா இல்லாத குறட்டைக்கும் தாராளமாகச் செய்யலாம். சிபாபை இரண்டு நாள் மாட்டிவிட்டு வருபவரிடம் "வேறு மாஸ்க் மாற்றிப் பார்த்தீர்களா?" என்று முதலில் கேட்பேன்.

எனக்கு இது வேலை செய்யும்னு உறுதியாச் சொல்ல முடியுமா?

முடியாது. அப்படி யாராவது உறுதி கொடுத்தால் கொஞ்சம் யோசியுங்கள். மொத்தமாகப் பார்த்தால் மூன்றில் ஒருவருக்கு ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே வந்துவிடும். இன்னொரு பங்கினருக்குப் பாதிக்கு மேல் குறையும், ஆனால் முழுதாகச் சரியாகாது. மீதிப் பேருக்குப் பெரிய பலன் இருக்காது. குறட்டைச் சத்தம் மட்டும் இதைவிட அதிகம் பேருக்குக் குறைகிறது.

பலன் தரும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று ஓரளவு சொல்லலாம்: எடை குறைவானவர்கள், கழுத்து பருமனில்லாதவர்கள், இளையவர்கள், பெண்கள், மல்லாந்து படுக்கும்போது மட்டும் எண் ஏறுபவர்கள், தாடையை நன்றாக முன்னால் நீட்ட முடிந்தவர்கள். மூக்கடைப்பு எப்போதும் இருந்தால் அதை முதலில் கவனிக்க வேண்டும். மூக்கு அடைத்திருப்பவருக்குக் கருவியின் பலன் குறையும்.

பல்லு கொஞ்சம் ஆடுது, ரெண்டு மூணு இல்லவும் இல்ல. போடலாமா?

கருவி பற்களைப் பிடித்துக்கொண்டுதான் தாடையை இழுக்கிறது. இரவு முழுவதும் தாடை பின்னால் போகப் பார்க்கும், அந்த விசை எல்லாம் பல்லின் மேல்தான் விழும். ஒவ்வொரு வரிசையிலும் சுமார் எட்டு உறுதியான பற்களாவது இருந்தால் நல்லது. ஈறு நோய் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வோம். ஆடும் பல்லின் மேல் கருவி மாட்டினால் பல்லையே இழக்க நேரிடும். சொத்தை, வேர் சிகிச்சை, புதுக் கேப் எல்லாவற்றையும் கருவிக்கு முன்பே முடித்துவிடுங்கள். பின்னால் கேப் போட்டால் பல்லின் வடிவம் மாறிவிடும், கருவி உட்காராது.

பல் நேராக்கும் கம்பி போட்டிருப்பவர்கள் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும். தாடை மூட்டில் கடும் வலியோ வாய் திறக்க முடியாத நிலையோ இருந்தால் அதுவும் முதலில் சரியாக வேண்டும்.

எனக்குப் பல்லே இல்ல, பல் செட்டுதான். எனக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. நாக்கை மட்டும் பிடிக்கும் இன்னொரு வகைக் கருவி உண்டு. உதட்டுக்கு வெளியே ஒரு சிறு மென்மையான குமிழ் இருக்கும், அதை அழுத்தி நாக்கு நுனியை உள்ளே விட்டால் உறிஞ்சல் விசையால் நாக்கு முன்னாலேயே நிற்கும். பல் தேவையில்லை. எச்சில் வழிவதும், நாக்கு நுனி புண்ணாவதும், தூக்கத்தில் நழுவுவதும் இதில் அதிகம். பழகிக்கொள்பவர்கள் குறைவுதான், பழகியவர்களுக்கு நன்றாகவே உதவுகிறது. கீழ்த்தாடையில் இம்ப்ளான்ட் வைத்து அதில் பிடிமானம் கொடுத்துத் தாடைக்கருவி செய்வதும் சிலருக்குச் சாத்தியம்.

ஆன்லைன்ல வெந்நீர்ல போட்டுக் கடிச்சு மாட்டற கருவி கிடைக்குதே. அதையே வாங்கிக்கட்டுமா?

அதுவும் அதே தத்துவம்தான். லேசான ஆப்னியாவில் அதற்கும் பலன் இருப்பதாகக் காட்டிய ஆய்வு உண்டு, எனவே சுத்த ஏமாற்று வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தடிமனாக இருக்கும், பிடிமானம் குறைவு, இரவில் கழன்று தலையணைக்கடியில் கிடக்கும். தாடையை எவ்வளவு முன்னால் வைப்பது என்பதை நுணுக்கமாக மாற்ற வழியிருக்காது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஓர் ஆய்வில் அளவெடுத்துச் செய்ததே நன்றாக வேலை செய்தது, பெரும்பாலான நோயாளிகள் விரும்பியதும் அதைத்தான். 2015இல் அமெரிக்காவின் இரண்டு தூக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் அளவெடுத்துச் செய்த, நகர்த்தக்கூடிய கருவியையே பரிந்துரைக்கிறது.

எனக்குப் பெரிய கவலை வேறு. கடையில் வாங்குபவர் ஆடும் பல்லையோ ஈறு நோயையோ யாரிடமும் காட்டுவதில்லை. டெஸ்டும் எடுப்பதில்லை. சத்தம் நின்றால் போதும் என்று இருந்துவிடுகிறார்.

அளவு எப்படி எடுப்பீங்க? எத்தனை தடவை வரணும்?

முதல் நாள் பல், ஈறு, தாடை மூட்டு, நாக்கு எல்லாம் பார்த்து எக்ஸ்ரே எடுப்போம். அப்புறம் ஸ்கேனரிலோ அச்சு மாவிலோ பல் அளவு. அடுத்தது ஒரு சின்ன அளவுகோல். அதை முன்பற்களுக்கு நடுவே வைத்துத் தாடையை முடிந்தவரை பின்னால் இழுக்கச் சொல்வோம், பிறகு முடிந்தவரை முன்னால் நீட்டச் சொல்வோம். இரண்டுக்கும் நடுவே 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியை அதில் பாதி அல்லது சற்றுக் கூடுதலான அளவில், அதாவது 6 அல்லது 7 மில்லிமீட்டரில் தொடங்குவோம். அந்த நிலையில் பற்கள் எப்படி நிற்கின்றன என்று ஒரு கடிப்புப் பதிவு எடுத்து, கருவி செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்புவோம்.

கருவி வந்ததும் பொருத்திப் பார்க்க ஒரு நாள். பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை. கடைசியில் மறு டெஸ்ட். அதோடு முடியாது, வருடத்துக்கு ஒருமுறையாவது காட்ட வேண்டும்.

இதை வாயில வச்சுக்கிட்டு எப்படி டாக்டர் தூங்கறது?

முதல் வாரம் சிரமம்தான், மறைக்க ஒன்றுமில்லை. வாயில் ஏதோ வந்துவிட்டது என்று நினைத்து எச்சில் ஊற்றெடுக்கும், தலையணை நனையும். சிலருக்கு நேர்மாறாக வாய் வறளும். கடைவாய்ப்பல்லில் இறுக்கம் தெரியும். படுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு புத்தகம் படியுங்கள், வீட்டாருடன் பேசுங்கள். நடு இரவில் தாங்க முடியவில்லை என்றால் கழற்றிவிட்டு அடுத்த நாள் மறுபடி மாட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும்.

எங்காவது ஒரே இடத்தில் குத்தினால், ஈறு சிவந்தால், பொறுத்துக்கொள்ளாமல் வாருங்கள். ஐந்து நிமிடம் தேய்த்துக் கொடுத்தால் சரியாகிற விஷயத்துக்காகக் கருவியையே மூட்டைகட்டி வைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

திருகை எவ்வளவு திருப்பணும்? சீக்கிரம் திருப்பினா சீக்கிரம் குணமாகுமா?

ஆகாது, தாடை வலிதான் சீக்கிரம் வரும். தாடையை இன்னும் முன்னால் நகர்த்தக் கருவியின் இரண்டு பக்கமும் சிறு திருகு இருக்கும். பல கருவிகளில் ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். துளையில் குச்சியை விட்டு அம்புக்குறிப் பக்கம் தள்ளினால் அடுத்த துளை தெரியும், அதுதான் ஒரு திருப்பு. இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் திருப்ப வேண்டும், தேதி போட்டு எழுதி வையுங்கள். ஒருவர் வலது பக்கத்தைத் திருப்ப மறந்து மறந்து, தாடை கோணலாக வந்து நின்றார்.

வாரத்துக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் போதும். வலி வந்தால் ஒரு படி பின்னால் வந்து ஒரு வாரம் பொறுங்கள். குறட்டை அடங்கி, பகல் அசதி குறைந்து, காலையில் தலை லேசாக இருந்தால் திருப்புவதை நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள். எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு நல்லது என்பது தவறு. ஓர் அளவுக்கு மேல் பலன் கூடுவதில்லை, பக்க விளைவுதான் கூடும்.

காலையில எழுந்தா கடைவாய்ப்பல் சேரவே மாட்டேங்குது. பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம். இரவெல்லாம் தாடை முன்னால் நின்றதால் மூட்டும் தசையும் அந்த நிலையிலேயே இருக்கப் பார்க்கின்றன. முன்பல் மட்டும் இடிப்பது போலத் தோன்றும். கருவியோடு ஒரு சிறு பிளாஸ்டிக் கடிப்புத்துண்டு கொடுத்திருப்போம், உங்கள் பழைய கடிப்பின் அச்சு அதில் இருக்கும். எழுந்ததும் ஐந்து பத்து நிமிடம் அதை மெதுவாகக் கடித்துக்கொண்டிருங்கள். தாடை தானாகப் பின்னால் வந்து உட்காரும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டும். மதியம்வரை சேரவில்லை என்றால் சொல்லுங்கள்.

அந்தத் துண்டைத் தினமும் பயன்படுத்துங்கள். அடுத்த கேள்விக்கும் அது முக்கியம்.

வருஷக்கணக்கா போட்டா பல் நகர்ந்துடுமா?

நகரும். இதை நான் முதல் நாளே சொல்லி, புரிந்ததா என்று கேட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். மேல் முன்பற்கள் கொஞ்சம் உள்ளே சாயும், கீழ் முன்பற்கள் கொஞ்சம் வெளியே சாயும். பல வருடங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருப்பது சாதாரணம், சிலருக்கு அதைவிட அதிகம். பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. மேல்பல் ஏற்கெனவே தூக்கலாக இருப்பவருக்கு இது பெரிய தொல்லையல்ல. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நுனிக்கு நுனி முட்டிக்கொண்டிருப்பவருக்குத் தொல்லை. அதனால்தான் முதல் நாளே பல்லின் அளவும் படமும் எடுத்து வைத்து, வருடாவருடம் ஒப்பிடுகிறோம்.

நகர்ந்தால் என்ன செய்வது? ஆப்னியா கட்டுக்குள் இருக்கிறது, கடிப்பு சற்று மாறியிருக்கிறது என்றால் தொடர்வதையே பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் பெரும்பாலும் அதற்கு உடன்படுவேன். ஆனால் முடிவு உங்களுடையது.

குறட்டை சுத்தமா நின்னுடுச்சு. மறுபடியும் டெஸ்ட் எடுக்கச் சொல்றீங்களே, தேவையா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

தேவை. கருவியை வாயில் மாட்டிக்கொண்டு, அதே மாதிரி ஓர் இரவு டெஸ்ட். ஒருவர் முகமெல்லாம் சிரிப்போடு வந்தார். மனைவி ஒரே அறையில் படுக்கிறாராம், குறட்டை துளியும் இல்லையாம், பகலில் தூக்கமும் குறைந்ததாம். ஆரம்பத்தில் ஏ.எச்.ஐ. 38. கருவியோடு டெஸ்ட் எடுத்தால் 19. பாதி குறைந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் இன்னும் நடுத்தர ஆப்னியா. மல்லாந்து படுத்த நேரத்தில் ஆக்சிஜன் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல். இன்னும் ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தி, பக்கவாட்டில் படுக்கப் பழகச் செய்து, மறுபடி டெஸ்ட் எடுத்தபோது 7. டெஸ்ட் எடுக்காமல் விட்டிருந்தால் அந்த 19 அப்படியே பல வருடம் ஓடியிருக்கும்.

அதிர்வு குறைந்தால் சத்தம் குறையும், அடைப்பு குறைந்தால்தான் எண் குறையும். மேலே சொன்ன 2015 வழிகாட்டுதலும் மறு டெஸ்டைச் சொல்கிறது. திருப்புவது முடிந்து, கருவி பழகிய பிறகு எடுங்கள். எடை கணிசமாகக் கூடினாலோ, அறிகுறி திரும்பினாலோ, புதுக் கருவி செய்தாலோ மறுபடியும் எடுங்கள்.

பல்லைக் கடிக்கிறதுக்கு ஏற்கெனவே நைட் கார்டு வச்சிருக்கேன். அதுவே போதாதா?

போதாது. நைட் கார்டு பல் தேய்வதைத் தடுக்கும், தாடையை முன்னால் கொண்டுவராது. மேல்வரிசையில் மட்டும் மாட்டும் நைட் கார்டு, ஆப்னியா உள்ள சிலருக்கு அதை மோசமாக்கியதாகவும் பார்த்திருக்கிறார்கள். குறட்டையும் பல் கடிப்பும் சேர்ந்து இருந்தால் டெஸ்ட் எடுங்கள். தாடைக்கருவி பல்லையும் மூடியிருப்பதால் இரண்டு வேலையும் அதிலேயே முடியும். ஆனால் கடிப்பவர்கள் கருவியைச் சீக்கிரம் உடைத்துவிடுவார்கள், அதற்கேற்ப உறுதியான வகையைத் தேர்ந்தெடுப்போம்.

எப்படிக் கழுவணும்? எத்தனை நாள் வரும்?

காலையில் கழற்றியதும் குளிர்ந்த நீரில் மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள், மணமில்லாத சோப்பு போதும். பற்பசை வேண்டாம், அது கீறல் போட்டுவிடும், கீறலில் அழுக்கு தங்கும். வெந்நீர் கூடவே கூடாது, வடிவம் மாறிவிடும். வாரத்துக்கு ஒருமுறை பல் செட் ஊறவைக்கும் மாத்திரை போடலாம். துடைத்துப் பெட்டியில் வையுங்கள். நாய் வளர்ப்பவர்கள் எட்டாத உயரத்தில் வையுங்கள், எச்சில் வாசனைக்கு நாய்கள் கடித்துக் குதறிவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூன்று முதல் ஐந்து வருடம் வரும்.

உடம்பைக் குறைச்சுட்டேன். இனிமே கழட்டி வச்சிடலாமா?

முதலில் பாராட்டு, அது சின்ன வேலையில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல வருடம் தொடர்ந்து நடந்த ஆய்வில், எடை 10 சதவீதம் குறைந்தவர்களுக்கு ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறைந்தது. 10 சதவீதம் கூடியவர்களுக்குச் சுமார் 32 சதவீதம் கூடியது. ஆகவே எடை குறைந்ததில் நிச்சயம் பலன் உண்டு, ஆனால் முழுதாகப் போய்விட்டதா என்பது எடை மெஷினில் தெரியாது. இந்த முறை கருவி இல்லாமல் ஒரு டெஸ்ட் எடுங்கள். எண் 5க்குக் கீழே என்றால் உங்கள் தூக்க மருத்துவரோடு பேசி நிறுத்தலாம்.

ஊருக்குப் போகும்போது மட்டும் இது, வீட்ல சிபாப். அப்படி வச்சுக்கலாமா?

நல்ல ஏற்பாடு. மின்சாரம் வேண்டாம், சட்டைப் பையில் அடங்கும். சிலர் இரண்டையும் ஒரே இரவில் சேர்த்தே மாட்டுகிறார்கள். தாடை முன்னால் இருப்பதால் சிபாபில் அழுத்தம் குறைவாகப் போதும், மாஸ்க் கசிவதும் குறையும். ஒன்று மட்டும்: மாதக்கணக்கில் கருவியை மாட்டாமல் விட்டுவிட்டுத் திடீரென்று எடுத்தால் பல் சற்று நகர்ந்து, இறுக்கமாக இருக்கலாம். வாரம் ஒரு நாளாவது மாட்டுங்கள்.

பையன் குறட்டை விடறான், எட்டு வயசு. அவனுக்கும் செய்வீங்களா?

செய்யமாட்டேன். வளரும் தாடை, மாறும் பற்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காரணம் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும்தான். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு ஆபரேஷன் இருக்கு. மயக்க மருந்து குடுக்கறவர்கிட்ட இதைச் சொல்லணுமா?

கட்டாயம் சொல்லுங்கள். மயக்க மருந்தும் வலுவான வலி மாத்திரைகளும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். அவர்கள் அதற்கேற்பக் கண்காணிப்பார்கள். கருவியைக் கையோடு எடுத்துப் போங்கள், அறுவை முடிந்த பிறகு எப்போது மாட்டலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டெஸ்ட்ல நார்மல்னு வந்துடுச்சு. ஆனா பகல்ல இன்னும் தூக்கம் தூக்கமா வருதே?

முதலில் எத்தனை மணி நேரம் மாட்டுகிறீர்கள்? அதிகாலை மூன்று மணிக்குக் கழற்றிவிட்டால் மீதித் தூக்கம் முழுக்க ஆப்னியாதான். சில கருவிகளில் வெப்பத்தை உணரும் சின்ன சிப் வைத்து இதை அளக்கலாம். அப்புறம், மொத்தமாக எவ்வளவு தூங்குகிறீர்கள்? ஐந்து மணி நேரம் தூங்குபவருக்கு எந்தக் கருவியும் அசதியைப் போக்காது. இரண்டும் சரி என்றால் தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, சாப்பிடும் மருந்துகள், வேறு தூக்க நோய்கள் என்று மருத்துவர் தேட வேண்டியிருக்கும். அதுவரை நெடுந்தூரம் வண்டி ஓட்டாதீர்கள்.

முடிஞ்ச அளவு முன்னால தள்ளியாச்சு, எண் இன்னும் இறங்கல. அடுத்து என்ன?

பெரிய பலன் இருக்காத மீதிப் பேர் என்று மேலே சொன்னேனே, அதில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். உங்கள் தவறல்ல, தொண்டையின் அமைப்பு அப்படி. மல்லாந்து படுக்கும்போது மட்டும் மீதியிருந்தால் முதுகில் அணியும் பட்டை போன்றவற்றால் பக்கவாட்டில் படுக்கப் பழகுவது, கருவியோடு சேர்த்து நன்றாக உதவும். இல்லையென்றால் சிபாபுக்குத் திரும்புங்கள். முன்பு பிடிக்காமல் விட்டவர்கள், மாஸ்கையும் அழுத்தத்தையும் மாற்றியதும் பழகிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அதுவும் முடியாதவர்களுக்கு, நாக்கு நரம்பைத் தூண்டும் சிறு கருவியை மார்புத் தோலுக்கடியில் பொருத்தும் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவில் 2014இல் அதற்கு அனுமதி கிடைத்தது. மேல், கீழ் இரண்டு தாடையையும் வெட்டி நிரந்தரமாக முன்னால் கொண்டுவரும் அறுவையும் உண்டு. பெரிய அறுவைதான், ஆனால் வாய்க்கருவி இரவில் மட்டும் செய்வதை அது நிரந்தரமாகச் செய்கிறது. எதை எடுத்தாலும் கருவியோடு எடுத்த அந்தக் கடைசி ரிப்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள். அடுத்த மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.